குழாயைத் தாங்குவது மண்

சென்னை வீடுகளில் முற்றத்து மழைநீரைத் தெருவோர வடிகாலில் சேர்க்க, கார் ஏறி இறங்கும் கேட் வழிக்கடியில் நாலு அங்குல பி.வி.சி. குழாய் பதிக்கிறார்கள். ஆழமாகப் பதிக்க வழியில்லை. குழாயின் வாய் வடிகாலின் நீர்மட்டத்துக்குக் கீழே போனால் தண்ணீர் எதிர்த்து வரும். நூறு அடிக்கு ஓரடி வாட்டமாவது வேண்டுமென்பதால் வீட்டுப் பக்கம் குழாய் இன்னும் மேலே வந்துவிடும். மேலே ஓரடி மண்கூட மிஞ்சாதென்று தெரிந்ததும், கடையில் இருப்பதிலேயே தடித்த குழாயை வாங்கிவிடுகிறோம். அந்தக் கூடுதல் பணத்தை மண்ணை இடிக்கும் கூலிக்குக் கொடுத்திருந்தால் குழாய் பல மடங்கு பத்திரமாக இருந்திருக்கும்.

காரணம், பி.வி.சி. குழாய் பாரத்தை எதிர்த்து நிற்பதில்லை, வளைந்து கொடுக்கிறது. மேலிருந்து அழுத்தினால் வட்டம் நசுங்கி இரு விலாவும் வெளியே பிதுங்கும். பிதுங்கவிடாமல் தடுப்பது பக்கத்து மண். அமெரிக்காவின் அயோவாவில் பொறியாளர் ஸ்பாங்லர் 1941-இல் இதற்கொரு சூத்திரம் தந்தார். 1958-இல் வாட்கின்ஸ் அதைத் திருத்தினார். அதன்படி, நிலத்தடி வடிகால் குழாய்களில் எஸ்.என்.4 என்ற விறைப்பு வகை நசுங்கலுக்குத் தரும் எதிர்ப்பு 32 கிலோபாஸ்கல், எஸ்.என்.8 வகையின் எதிர்ப்பு 64. குழாயை மாற்றிப் பெறும் லாபம் அவ்வளவுதான். மண்ணின் பங்கு, அள்ளிப் போட்டபடியே விட்டால் சுமார் 20. நன்றாக இறுகிய மணலானால் 400-க்கும் மேல். விலையுயர்ந்த குழாயைச் சுற்றித் தளர்ந்த மண்ணும் உடைந்த செங்கல்லும் கிடந்தால் அது நசுங்கத்தான் செய்யும். முக்கியமான இடம் குழாயின் அடிவயிற்றுக்கு இருபுறமும் உள்ள இடுக்கு. மேலிருந்து கொட்டும் மண் அங்கே போய்ச் சேராது. எம்சாண்டைக் கையாலும் குச்சியாலும் அந்த இடுக்கில் திணித்துவிட்டு, பிறகு பக்கங்களில் அரையடி அரையடியாக நிரப்பி, ஈரப்படுத்தித் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். தோண்டியெடுத்த களிமண்ணையே திருப்பிப் போடுவது வீண். மழையில் ஊதி, வெயிலில் சுருங்கிக் குழாயை விட்டு விலகிவிடும்.

மேலே மண்ணே குறைவாயிருக்கும்போது இந்தக் கணக்கு பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காரின் டயர் 15 செ.மீ. சதுரத்தில் தரையை அழுத்துவதாகக் கொண்டால், 30 செ.மீ. ஆழத்தில் அந்த அழுத்தம் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், 15 செ.மீ. ஆழத்திலோ நாலில் ஒரு பங்கு மிஞ்சும். தண்ணீர் லாரியின் டயரில் காரைப்போல மூன்று மடங்கு காற்றழுத்தம் உண்டு. அதனால் ஓரடிக்குக் குறைந்த இடத்தில் மண்ணை மட்டும் நம்பக் கூடாது. அதற்காகக் குழாயைச் சுற்றி ஒப்புக்குக் கான்கிரீட் பூசுவதும் சரியல்ல. மெல்லிய பூச்சு விரிசல் விடும். விரிசல் விட்ட இடத்தில் அதன் விளிம்பே குழாயை அறுக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் பலகையைப் பள்ளத்துக்குக் குறுக்கே, இருபுறமும் தோண்டப்படாத மண்மேல் அரையடியாவது உட்காரும்படி போட்டு, பலகைக்கும் குழாய்க்கும் நடுவே மணல் விட்டால், சக்கரத்தின் பாரம் கரைகளுக்குப் போய்விடும்.