குலுக்கும் கைக்கு ஓய்வு

மிளகாய்த்தூளில் 2 கிராம் எடை போட்டு, 50 மில்லி பிளாஸ்டிக் குழாயில் கொட்டி, 10 மில்லி தண்ணீர் விட்டு ஊறவைக்கிறார்கள். ஊறியதும் 10 மில்லி அசிட்டோநைட்ரைல். மூடியை இறுக்கிக் குலுக்க வேண்டும். அதன்பின் உப்புக் கலவை: நீரற்ற மெக்னீசியம் சல்பேட் 4 கிராம், சோடியம் குளோரைடு 1 கிராம், கொஞ்சம் சிட்ரேட் உப்புகள். உப்பு உள்ளே விழுந்த கையோடு மறுபடியும் குலுக்கல். சற்று அசந்தால் போச்சு. மெக்னீசியம் சல்பேட் தண்ணீரை உறிஞ்சி அடியில் கட்டி தட்டிவிடும். கட்டிக்குள் மாட்டிக்கொண்ட தூளைக் கரைப்பான் தொடவே தொடாது. தண்ணீரை உறிஞ்சும்போது கிளம்பும் வெப்பத்தில் குழாய் உள்ளங்கையில் சுடும்.

அப்புறம் சென்ட்ரிஃபியூஜ். மேலே தெளிந்து நிற்கும் சிவந்த திரவத்தில் 1 மில்லியைப் பைப்பெட்டில் எடுத்து, நிறத்தையும் கொழுப்பையும் பிடித்துவைக்கும் தூள்கள் உள்ள சின்னக் குழாய்க்கு மாற்றி, இன்னொரு முறை குலுக்கி, இன்னொரு முறை சுழற்றி, வடிகட்டி, விரல் நுனி உயரமுள்ள கண்ணாடிக் குப்பியான 'வயலில்' அடைத்தால் ஒரு சாம்பிள் தயார். அடுத்த குழாய் காத்திருக்கிறது. அதற்கடுத்ததும்.

உணவில் பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் ஆய்வகங்களின் அன்றாடம் இது. தேடும் அளவோ மிக நுண்ணியது. தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பத்துக் கோடியில் ஒரு பங்கு. அந்த எண்ணை வைத்துத்தான் கப்பல் ஏறிய சரக்கு திரும்பி வருகிறது, அல்லது வராமல் போகிறது. 2015-ல் தமிழகக் காய்கறிகளில் எச்சம் அதிகம் என்று கேரள உணவுப் பாதுகாப்புத் துறை சொன்னதும் தமிழகத் தரப்பு மறுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு பக்கமும் நீட்டியவை ஆய்வக அறிக்கைகள். இரண்டு மாநில விவசாயிகளின், வியாபாரிகளின் பிழைப்பு அந்தக் குழாயைக் குலுக்கிய கைகளையும் நம்பி இருந்தது என்பதை அன்று யாரும் பேசவில்லை.

அந்தக் கண்ணாடி வயல் போய்ச் சேரும் கருவியைப் பாருங்கள். திரவக் குரோமட்டோகிராஃபியோடு இணைத்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். விலை ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே ஓட்டத்தில் பிரித்துச் சொல்லிவிடும். வயல்களைத் தட்டில் அடுக்கிவிட்டு ஆள் வீட்டுக்குப் போகலாம். ஆட்டோசாம்ப்ளர் இரவு முழுக்க ஒவ்வொன்றாக எடுத்து ஊசி போட்டுக்கொண்டிருக்கும். கடைசிப் படி இவ்வளவு முன்னேறியிருக்க, அதற்கு முந்தைய படிகள் இன்னும் மணிக்கட்டை நம்பியே நடக்கின்றன. குரோமட்டோகிராஃபி வல்லுநர் ரொனால்டு மேஜர்ஸ் 1991-ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், ஆய்வாளரின் நேரத்தில் 61 சதவீதம் சாம்பிள் தயாரிப்புக்கே போனது. கருவியில் நடக்கும் உண்மையான அளவீட்டுக்கு வெறும் 6 சதவீதம். கருவி நிறுவனங்கள் அதன்பின் அந்த 6 சதவீதத்தை மேலும் மேலும் வேகப்படுத்துவதில்தான் பெரும்பணம் போட்டன.

இந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த வரிசையில் கொடுப்பது என்பதில் ஒரு பிடிவாதம் உண்டு. முதலில் வேலையைக் குறைக்க வேண்டும். மிஞ்சியதைத்தான் இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும். நீளமான ஒரு முறையை அப்படியே இயந்திரத்தில் ஏற்றினால், கிடைப்பது நீளமான ஓர் இயந்திரம்.

இதற்குச் சான்று இந்தத் துறையின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் ஆய்வகத்தில் திரவத்தைப் பைப்பெட்டில் ஏற்றுவது வாயால் உறிஞ்சித்தான். அமிலமானாலும் ரத்தமானாலும் அதே வழி. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் என்ற மருத்துவர் 1957-ல் அதற்கு ஒரு முடிவு கட்டினார். ஸ்பிரிங் வைத்த பிஸ்டன், கழற்றி மாட்டும் முனை, கட்டைவிரலால் ஓர் அழுத்து. இன்று உலகெங்கும் உள்ள ஆய்வகங்களில் டிக் டிக் என்று ஒலிக்கும் பைப்பெட்டின் முன்னோடி அதுதான். (அந்தக் கட்டைவிரல் அழுத்தே ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் தசைநாண் வலியாக மாறும் என்பது பிற்பாடு தெரியவந்த கதை.)

அதே 1957-ல் அமெரிக்காவில் டெக்னிகான் நிறுவனம் ஆட்டோஅனலைசரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருவாக்கியவர் கிளீவ்லாந்தில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய லெனர்ட் ஸ்கெக்ஸ். ரத்தச் சர்க்கரை, யூரியா என்று ஒவ்வொரு சோதனைக்கும் நிறையக் குழாய்களும் நிறையக் குலுக்கலும் தேவைப்பட்ட காலம் அது. குழாயைத் தூக்கும் ஓர் இயந்திரக் கையை அவர் செய்யவில்லை. குழாய்களையே ஒழித்துக் கட்டினார். சாம்பிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழலுக்குள் ஓடும். நடுநடுவே காற்றுக் குமிழ்கள். முந்தைய சாம்பிள் பிந்தையதோடு கலக்காமல் தடுப்பதும் குமிழ், குழலின் சுவரைத் துடைத்துக்கொண்டு போவதும் குமிழ். வினைப்பொருள் சேர்வதும் கலப்பதும் நிறம் மாறுவதும் ஓட்டத்திலேயே நடந்து முடியும்.

1980-களின் தொடக்கத்தில் ஸைமார்க் என்ற அமெரிக்க நிறுவனம் எதிர்த்திசையில் போனது. மேசை நடுவில் ஒரு ரோபோ கை; சுற்றிலும் தராசு, குலுக்கி, சென்ட்ரிஃபியூஜ். மனிதர் செய்வதை மனிதர் செய்யும் வரிசையிலேயே அது செய்தது. துணிச்சலான முயற்சி, பல மருந்து நிறுவனங்கள் வாங்கின. இருந்தாலும் ஒரு கை ஒரு நேரத்தில் ஒரு குழாயைத்தான் தூக்கும். மூடி திறக்க ஒரு நிலையம், மூட ஒரு நிலையம் என்று பாகங்கள் பெருகும். பராமரிக்கத் தனியாக ஆள் வேண்டும். முறையைக் குறைக்காமல் கையை மட்டும் மாற்றினால் வரும் பாரம் அது.

பூச்சிமருந்து ஆய்வில் அந்தக் குறைப்பு நிகழ்ந்தது 2000-களின் தொடக்கத்தில். அதற்கு முன் பல பத்தாண்டுகளாக, லிட்டர் அளவுப் பிரிபுனலும் நூற்றுக்கணக்கான மில்லி கரைப்பானும் கண்ணாடிக் கழுவலுமாக ஒரு சாம்பிள் அரை நாளைத் தின்னும். அமெரிக்க விவசாயத் துறையின் பென்சில்வேனியா ஆய்வகத்தில் ஸ்டீவன் லெஹோட்டேயோடு வேலை செய்ய ஜெர்மனியிலிருந்து வந்திருந்த மிக்கேலிஸ் அனஸ்டாசியாடிஸ், ஒவ்வொரு படியையும் பிடித்து இது எதற்கு என்று கேட்டார். 2003-ல் வெளியான கட்டுரையில் பிரிபுனல் இல்லை. கரைப்பானை ஆவியாக்கிச் சுண்ட வைக்கும் படி இல்லை. 10 கிராம் சாம்பிள், 10 மில்லி அசிட்டோநைட்ரைல், உப்பு, குலுக்கல், சுழற்சி. கெச்சர்ஸ் என்று இன்று உலக ஆய்வகங்கள் அழைக்கும் முறை அதுதான். முதல் பத்தியில் பார்த்த மிளகாய்த்தூள் வேலை அதன் வழிவந்தது.

என் பார்வையில் இந்தத் துறையின் ஆகப் பெரிய தானியக்கம் அதுவே, அதில் ஒரு மோட்டார்கூட இல்லாவிட்டாலும். வேலை ஒரு குழாய்க்குள் அடங்கியதால்தான் பல குழாய்களை ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே வேகத்தில் அடிக்கும் குலுக்கிகள் பயன்பட்டன. கை குலுக்கினால் காலைக் குழாயும் மாலைக் குழாயும் ஒன்றாக இருக்காது. இயந்திரம் குலுக்கினால் எல்லாம் ஒரே குலுக்கல்.

2008-ன் பிற்பகுதியில் அசிட்டோநைட்ரைலுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. அது அக்ரிலோநைட்ரைல் தயாரிப்பின் உபபொருள். பொருளாதார மந்தத்தில் கார் விற்பனை சரிய, காருக்கான பிளாஸ்டிக் தேவை சரிய, அக்ரிலோநைட்ரைல் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. ஆய்வக அலமாரி காலியானது. விலை பல மடங்கு ஏறியபோது சிறிய அளவில் வேலை செய்யப் பழகியிருந்த ஆய்வகங்களுக்குப் பாதிப்பு குறைவு. உடலுக்குள் போனால் சயனைடாக மாறும் கரைப்பான் அது. குறைவாகப் பயன்படுத்துவது மேசையருகே நிற்பவரின் நுரையீரலுக்கும் நல்லது.

அடுத்த பாய்ச்சல் ஊசி முனையில் நடந்தது. கருவியின் மேலேயே பொருத்திய ஆட்டோசாம்ப்ளரின் ஊசிக்கு, ஊசி போடுவதோடு இன்னும் கொஞ்சம் வேலை கொடுத்தால் என்ன? லெஹோட்டே குழு 2016-ல் விவரித்த அமைப்பில், சுத்திகரிப்புத் தூள்கள் மொத்தம் 45 மில்லிகிராம் மட்டுமே அடங்கிய குட்டிக் கார்ட்ரிட்ஜ் ஒன்று உண்டு. ஊசி சாற்றில் சில நூறு மைக்ரோலிட்டரை எடுக்கும். கார்ட்ரிட்ஜின் தலையில் குத்தி அதையே தூக்கிக்கொண்டு வயலுக்கு மேலே போகும். அங்கே நிதானமாக, ஒரே வேகத்தில், சாற்றைத் தூள் வழியாகத் தள்ளும். முந்தைய சாம்பிள் கருவிக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததின் சுத்திகரிப்பு முடிந்துவிடும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது நேரம் தொடர்பான ஒரு விஷயம். கையால் செய்யும்போது ஒரு பேட்ச் முழுவதையும் பகலில் சுத்தம் செய்து தட்டில் அடுக்குகிறோம். முதல் வயல் உடனே ஓடும். கடைசி வயல் விடியும்வரை தட்டில் கிடக்கும். சில மருந்துகள் அந்தச் சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கும். ஊசி அந்தந்த நேரத்தில் தயாரித்தால் சுத்திகரித்த சாறு ஒவ்வொன்றும் ஒரே வயதில் கருவிக்குள் போகிறது. எவ்வளவு திறமையான கையாலும் இரவு 3 மணிக்கு இதைச் செய்ய முடியாது.

இயந்திரத்தின் குறைகளையும் பார்த்துவிட வேண்டும். ஊசிக்குக் கண் கிடையாது. சொன்ன ஆழத்துக்கு இறங்கும், சொன்ன அளவை உறிஞ்சும். எண்ணெய்ப் பசையுள்ள சாம்பிளில் அடுக்கு சற்று இடம் மாறி நின்றால் அது அறியாது. நுனியில் ஓர் உப்புப் படிகம் அடைத்து உறிஞ்சியது பாதி காற்று என்றாலும் அறியாது. மனிதர் ஒரு குழாயில் பிசகுவார். இயந்திரம் பிசகினால் தட்டு முழுக்க ஒரே மாதிரிப் பிசகும், எண்கள் ஒன்றோடொன்று அழகாக ஒத்தும் போகும். அதனால்தான் விவரமறிந்தவர்கள் ஒரு குறியீட்டுப் பொருளைப் பிரித்தெடுப்புக்கு முன்பும், வேறொன்றை ஊசிக்கு முன்பும் சேர்க்கிறார்கள். முன்னது குறைந்து பின்னது சரியாக இருந்தால் கோளாறு குழாயில். இரண்டும் குறைந்தால் ஊசியிலோ கருவியிலோ.

கறிவேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். சாறு கரும்பச்சையாக வரும். பச்சையத்தை நீக்கக் கரித்தூள் சேர்த்தால் நொடியில் தெளியும், பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் தட்டையான மூலக்கூறுகள் எல்லாம் கரிக்குப் பிடித்தமானவை. தையபெண்டசோல், ஹெக்சாகுளோரோபென்சீன் போன்றவை பச்சையத்தோடு சேர்ந்து கரியிலேயே தங்கிவிடும். அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று வரும். எவ்வளவு கரி, எவ்வளவு பச்சை மிச்சம் இருந்தால் பரவாயில்லை என்று தீர்மானிப்பது கெமிஸ்ட்டின் வேலை. தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்துவிட்டுத் திரும்ப எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்கும் ரெக்கவரி சோதனைகளை ஒவ்வொரு பயிருக்கும் உட்கார்ந்து செய்தால்தான் அது பிடிபடும். குலுக்கலில் நாள் போய்விட்டால் இதற்கு நேரம் எங்கே?

நம் ஊரில் இந்தப் பேச்சு வந்தாலே ஒரு பதில் தயாராக இருக்கும்: அந்த இயந்திரத்தின் விலைக்கு எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கலாம்! கணக்கு சரிதான், தாளில் எழுதிய வரை. திரும்பச் செய்த பேட்சுகளும், வீணான கரைப்பானும், மணிக்கட்டு வலியோடு வேலையை விட்டுப் போனவருக்குப் பதிலாகப் புதியவரைப் பழக்கும் மாதங்களும் அந்தத் தாளில் ஏறுவதில்லை. வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து வருகிற இளைஞர்களை, அதிலும் பெண்களை, நாள் முழுக்கக் குழாய் குலுக்க வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. படித்த படிப்புக்கு அவர்கள் செய்ய வேண்டிய வேலை வேறு.

சிறிய ஆய்வகம் ரோபோவில் தொடங்க வேண்டியதில்லை. கரைப்பான் பாட்டிலின் கழுத்தில் மாட்டும் டிஸ்பென்சர், முன்கூட்டியே எடை போட்டு வரும் உப்புப் பொட்டலங்கள், பல குழாய்க் குலுக்கி, எண்ணைக் கையால் எழுதும் வேலையை ஒழிக்கும் பார்கோடு. இவை நான்கும் வந்துவிட்டாலே களைப்பிலும் பிழையிலும் பெரும்பங்கு குறையும். ஊசி அமைப்பு அதன்பின் வரட்டும்.

மிஞ்சும் நேரத்தைச் செலவிட ஓர் இடம் காத்திருக்கிறது: கண்ணாடி வயல், குழாய் எல்லாவற்றுக்கும் முந்தைய இடம், கத்தியும் சாக்குப்பையுமாகச் சாம்பிள் எடுத்து நறுக்கும் இடம். 1990-களில் பிரிட்டனில் கேரட்டுகளைத் தனித்தனியாக ஆய்ந்தபோது ஒரே தொகுப்பின் கேரட்டுகளுக்குள்ளேயே எச்சம் பல மடங்கு வேறுபட்டது. காயை நறுக்கியதும் வெளிவரும் சாறே கேப்டன், குளோரோதலோனில் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் என்பதால் உலர்பனியோடு உறையவைத்து அரைக்க வேண்டியிருக்கிறது. இங்கே நேரும் பிழையை எந்த ஊசியும் திருத்தாது. தக்காளி போன்ற நடுத்தர அளவுக் காய்களுக்குக் குறைந்தது 10 காய், 1 கிலோ என்று கோடெக்ஸ் 1999-லேயே வகுத்திருக்கிறது. குலுக்கலை இயந்திரத்திடம் விட்ட கெமிஸ்ட், சாம்பிள் பையைத் தானே திறந்து எண்ணிப் பார்க்கட்டும். உள்ளே நான்கு தக்காளிதான் இருந்தால் ஆய்வைத் தொடங்காமல் மறுசாம்பிள் கேட்டு எழுதட்டும்.