446 பைட்டுக்குள் ஒரு வாசல்

லினக்ஸை நிறுவி முடித்த கையோடு பென்டிரைவை உருவினேன். கம்ப்யூட்டரை மறுபடி போட்டால் கறுப்புத் திரை. பென்டிரைவைச் செருகினால் ஓடுகிறது, எடுத்தால் படுத்துவிடுகிறது. லினக்ஸ் என்னவோ ஹார்டு டிஸ்கில் பத்திரமாகத்தான் இருந்தது. அதை எழுப்பிவிடும் பூட் லோடர் மட்டும் பென்டிரைவில் போய் உட்கார்ந்திருந்தது. எங்கே எழுத வேண்டும் என்று நிறுவும்போது கேட்டதற்கு, படிக்காமலே எண்டரைத் தட்டியிருக்கிறேன்.

என்னுடையது பழைய பயாஸ் கம்ப்யூட்டர். பயாஸுக்கு ஃபைல், ஃபோல்டர் எதுவும் தெரியாது. டிஸ்கின் முதல் செக்டரை, அதாவது 512 பைட்டை, அப்படியே மெமரிக்கு ஏற்றி ஓடவிடும், அவ்வளவுதான். 1983இல் பிசி டாஸ் 2.0 வகுத்த கணக்குப்படி அதில் பார்ட்டிஷன் பட்டியலுக்கு 64 பைட், அடையாளத்துக்கு 2 பைட் போக, பூட் லோடருக்கு மிஞ்சுவது 446. யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒரு குறியீட்டுக்கு 3 பைட் என்பதால், இந்தப் பத்தியே அதில் அடங்காது! ஆகவே லினக்ஸின் பூட் லோடரான கிரப் அங்கே ஒரு துண்டை மட்டும் வைக்கிறது. மீதியை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் கிடக்கும் காலி இடத்தில் செருகிவிடுகிறது.

பூட் லோடரை எங்கே எழுதுவது என்று நிறுவும்போது கேட்கும் பட்டியலில் எஸ்டிஏ, எஸ்டிஏ1 என்று இரண்டும் வரும். முன்னது முழு டிஸ்க், பின்னது அதிலுள்ள ஒரு பார்ட்டிஷன். பயாஸ் கம்ப்யூட்டரில் முழு டிஸ்கைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. பார்ட்டிஷனில் எழுதுவது அதன் ஃபைல் அமைப்பைப் பொறுத்தது: எக்ஸ்டி4 தன் முதல் 1024 பைட்டை பூட் லோடருக்கென்றே காலியாக விடும். எக்ஸ்எஃப்எஸ் விடாது, முதல் பைட்டிலிருந்தே அதன் சொந்தக் கணக்கு தொடங்கிவிடும். அங்கே கைவைத்தால் தரவுக்கே ஆபத்து.

புதிய யூஇஎஃப்ஐ கம்ப்யூட்டர்களில் இந்த இட நெருக்கடி இல்லை. பூட் லோடர்களுக்கென்றே உள்ள ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், லினக்ஸுக்கு ஒன்று. எதை எழுப்புவது என்ற குறிப்பு மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். ஆனால் இரண்டு டிஸ்க் மாட்டியிருந்தால் எந்த டிஸ்கின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் எழுதுகிறோம் என்று பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் ஒரு டிஸ்கைக் கழற்றிய அன்று மற்றதும் எழாமல் போகலாம்.

என் சிக்கல் ஒரே வரியில் தீர்ந்தது. பென்டிரைவைச் செருகி லினக்ஸை எழுப்பி, ஹார்டு டிஸ்கின் பெயரைச் சொல்லி 'கிரப்-இன்ஸ்டால்' கட்டளையைக் கொடுத்தேன். அந்தப் பென்டிரைவைப் பிறகு பலமுறை ஃபார்மட் செய்தாயிற்று. ஃபார்மட் துடைப்பது பார்ட்டிஷனைத்தான். முதல் செக்டரில் கிரப்பின் துண்டு இன்னும் குந்தியிருக்கிறது.