மழை வந்து எழுப்பும் கிழங்குகள்

பங்குனி வெயிலில் அந்தத் தொட்டியைப் பார்ப்பவர் செடி பட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார். இலைகள் பழுத்து மடிந்திருக்கும். மேலே வெடித்த மண்ணைத் தவிர வேறொன்றும் தெரியாது. வீட்டைக் காலி செய்து போகிறவர்கள் அப்படிப்பட்ட தொட்டியைச் சுவரோரம் விட்டுவிட்டுப் போகிறார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள் மண்ணைக் கொட்டிவிட்டுக் கறிவேப்பிலைக் கன்று வைக்கிறார்கள். இன்னும் சில வாரங்களில் பூக்க வேண்டிய ஒரு கிழங்கு அந்த மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்தது என்பது அநேகருக்குத் தெரிவதில்லை.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோயிலும் அதன் பெரிய குளமும் இந்தப் பகுதிக்கு அடையாளம். இங்கே வாடகைக்குக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்குத் தோட்டம் என்பது சுற்றுச்சுவரை ஒட்டிய இரண்டு முழ மண், அல்லது மாடிப்படியின் பக்கத்தில் நாலைந்து தொட்டி. மாமரமோ மல்லிகைப் பந்தலோ வைத்தால், அது வீட்டுக்காரருக்குத்தான் மிஞ்சும். சிறு கிழங்குச் செடிகள் அப்படியல்ல. அவை குறைந்த இடத்தில் வளரும், குடியிருப்பவரோடு ஊர் மாறியும் போகும்.

குளிர் இல்லாத ஊர்

ஐரோப்பாவில் பனி விலகும்போது முதலில் தலை நீட்டுபவை ஸ்னோடிராப், குரோகஸ் போன்ற சிறு கிழங்குப் பூக்கள். அவற்றின் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டுத் துலிப் கிழங்கு வாங்கி வைப்பவர்கள் இங்கேயும் உண்டு. பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். துலிப் கிழங்குக்குள் பூத்தண்டு சரியாக வளர, ஏறக்குறைய 12 முதல் 15 வாரம் கடுங்குளிர் வேண்டும். வெப்பம் 9 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. திருவனந்தபுரத்திலோ மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஸ்ரீநகரில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் துலிப் பூத்துக் குலுங்குவதற்கு அந்த ஊரின் பனிதான் காரணம்.

அதற்காக இந்த ஊரில் முந்திப் பூக்கும் கிழங்கு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே குளிர் செய்யும் வேலையை இங்கே கோடை செய்கிறது. வெயிலில் காய்ந்து ஓய்வெடுக்கும் கிழங்கை மழை எழுப்புகிறது. அங்கே வசந்தம் என்றால் இங்கே மேட மாதத்து வேனல் மழையும், ஜூன் முதல் வாரத்தையொட்டி வரும் இடவப்பாதியும்தான்.

மேல்காற்றின் மலர்

இவற்றில் சுலபமானது மழை லில்லி. கிழங்கு சின்ன உள்ளி அளவுதான் இருக்கும். இலை புல்லைப் போல மெல்லியது. நல்ல மழை பெய்து மூன்று நாலு நாளில் ஒரு சாண் தண்டின் நுனியில் ஒற்றைப் பூ விரியும். வெள்ளை, ரோஸ், மஞ்சள் நிறங்களில் உண்டு. ஒரு பூ ஓரிரு நாளே இருந்தாலும், தொட்டி நிறையக் கிழங்கு இருந்தால் ஒவ்வொரு மழைக்கும் ஒரு திருவிழா. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். தாவர நூலார் இதற்கு வைத்த பெயர் ஜெபிராந்தஸ். கிரேக்க மொழியில் மேல்காற்றின் மலர் என்று அதற்குப் பொருள். கடலிலிருந்து வீசும் மேல்காற்றே மழையைக் கொண்டுவரும் கேரளத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

அடுத்தது புட்பால் லில்லி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஏப்ரல், மே மாதங்களில், இலை வருவதற்கு முன்னாலேயே மண்ணைப் பிளந்து தடித்த தண்டு எழும்பி, சிவப்புப் பந்தாக விரியும். ஒரு பந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பூக்கள் இருப்பதுண்டு. பூ வாடியபின் வரும் அகன்ற இலைகளே அடுத்த ஆண்டுப் பூவுக்கு உணவு சேர்ப்பவை. ஆகையால் அழகில்லை என்று இலையை வெட்டக் கூடாது.

மூன்றாவது இந்த மண்ணிலேயே பழகியது. மலையாளிகள் மலங்கூவா என்றும் செங்ஙழிநீர்க்கிழங்கு என்றும் சொல்வார்கள். இஞ்சி இனத்தைச் சேர்ந்தது. கோடையில் இலையில்லாத வெறும் மண்ணிலிருந்து வெள்ளையும் ஊதாவும் கலந்த மணமுள்ள பூவை நீட்டும். டச்சுக்காரர்கள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளியிட்ட ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற மலபார்த் தாவர நூலிலும் இது இடம் பெற்றிருக்கிறது.

நடும் முறை

மழை லில்லிக்கு 8 அங்குலத் தொட்டி ஒன்று போதும். அடித் துவாரத்தின் மேல் ஓட்டுச் சில்லு வைத்து, தோட்ட மண், மணல், மக்கிய சாணி உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்ப வேண்டும். கடற்கரை அருகில் இருக்கிறதே என்று கடல் மணலை அள்ளி வரக் கூடாது. அதிலுள்ள உப்பு வேரைக் கெடுக்கும். கிழங்கின் கழுத்து மண் மட்டத்துக்கு வரும்படி, இரண்டு அங்குல இடைவெளியில் பத்துப் பன்னிரண்டு நடலாம். தினமும் நாலைந்து மணி நேரமாவது வெயில் பட வேண்டும். புட்பால் லில்லிக்கு அரைநிழலே நல்லது. அதை அடிக்கடி பெயர்த்து நட்டால் பூக்காது.

மாசி, பங்குனியில் தண்ணீரைக் குறைப்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். அன்பு மிகுந்து தினமும் நீர் விடுபவர் வீட்டில் இலைதான் மண்டும். புட்பால் லில்லியும் மலங்கூவாவும் உறங்கும்போது நீர் விட்டால் கிழங்கு அழுகிவிடும். அந்த நாட்களில் தொட்டியை மழை படாத திண்ணையில் வைத்து, பெயரும் மாதமும் எழுதிய ஒரு குச்சியைக் குத்தி வைத்தால் யாரும் மண்ணைக் கொட்டமாட்டார்கள்.

மழைக்காலத்தில் தொட்டியின் அடித்தட்டை எடுத்துவிட வேண்டும். தேங்கிய தண்ணீர் கிழங்கை அழுக்குவதோடு, டெங்கு பரப்பும் கொசுவுக்கும் வீடாகிவிடும். கறுப்பு உடம்பில் வெள்ளை, சிவப்புப் புள்ளி உள்ள கம்பளிப்புழுக்கள் லில்லி இலையை ஒரே இரவில் மொட்டையடிக்கக்கூடியவை. காலையில் பார்த்துப் பொறுக்கி அப்புறப்படுத்துவதே போதுமான வைத்தியம்.

ஓர் எச்சரிக்கை

லில்லிக் கிழங்குகள் உள்ளியைப் போல இருந்தாலும் நஞ்சுள்ளவை. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். பெயர்த்த கிழங்கை உள்ளிக் கூடைக்கு அருகிலோ, குழந்தை கைக்கு எட்டும் இடத்திலோ வைக்கக் கூடாது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் மழைக்கு முளைக்கும் கிழங்குதான். மலையாளத்தில் மேந்தோன்னி எனப்படும் அதன் கிழங்கு உயிரையே பறிக்கக்கூடியது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பதே உத்தமம்.

கூடவே வரும் தோட்டம்

மழை லில்லிக் கிழங்கு பக்கத்தில் குட்டி போட்டுப் பெருகும். இரண்டு மூன்று வருஷத்தில் தொட்டி நெருக்கமாகிவிடும். அப்போது கோடையில் பெயர்த்துப் பிரித்து, பாதியைத் திரும்ப நட்டு, மீதியை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம். தெருவில் ஒரு வீட்டில் இருந்தால் விலைக்கு வாங்க வேண்டியதே இல்லை.

மாற்றல் உத்தரவு வந்தாலும் கவலையில்லை. கிழங்கின் மண்ணை உதறி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, பழைய செய்தித்தாளில் சுற்றித் துணிப்பையில் போட்டால் நாகர்கோவிலுக்கோ சென்னைக்கோ பஸ்ஸிலேயே கொண்டுபோகலாம். போய்ச் சேர்ந்ததும் நட்டுவிட வேண்டும். இங்கே இடவப்பாதிக்குப் பூத்தது அங்கே ஐப்பசி மழைக்குப் பூக்கும். வீட்டைக் காலி செய்யும் நாளில், ஒன்றுமில்லாதது போலத் தோன்றும் தொட்டியையும் ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.