திறந்த நிரல் என்றால் நம்பலாமா?

"சார், தமிழில் தட்டச்சு செய்ய உலாவிக்கு ஒரு நீட்டிப்பு கிடைத்தது. திறமூல மென்பொருளாம். அப்படியென்றால் பயமில்லைதானே?" என்று படிவம் மூன்று மாணவி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆராய்ந்து பார்ப்போம்.

நீட்டிப்பு என்பது குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளோடு சேர்ந்து இயங்கும் சிறு மென்பொருள். நிறுவும்போது, எல்லா இணையத்தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அது அனுமதி கேட்கலாம். இந்த வரியைப் படிக்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள். அனுமதி கிடைத்துவிட்டால், நீங்கள் திறக்கும் பக்கத்தை அதுவும் படிக்கும். டெலிமா கணக்கில் நுழைய நீங்கள் தட்டும் கடவுச்சொல்லையும் அதனால் எடுக்க முடியும்.

திறமூலம் என்றால், மென்பொருளின் மூல நிரலை யாரும் படித்துச் சோதிக்கலாம். பலர் பயன்படுத்திய இ-கலப்பை எனும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் அப்படிப்பட்டதுதான். ஆனால், 'படிக்கலாம்' என்பதும் 'படித்துவிட்டார்கள்' என்பதும் ஒன்றல்ல.

சுங்கை காடுட் வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டிய தாத்தா பாட்டியைக் கேளுங்கள். பால் நிறுக்கும் தராசு எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனாலும் யாராவது முள்ளைப் பார்க்க வேண்டும்; தராசு காட்டும் எடைதான் கிராணியின் புத்தகத்தில் ஏறுகிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

மென்பொருளிலும் இதே சிக்கல் உண்டு. 'தி கிரேட் சஸ்பெண்டர்' ஒரு திறமூல நீட்டிப்பு. 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினர். 2020 ஜூன் மாதம் அது வேறொருவர் கைக்கு மாறியது. பிறகு, பொதுவில் இருந்த நிரலில் காணப்படாத மாற்றங்களோடு புதிய பதிப்பு வெளியானது. நீட்டிப்புகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்பவை. எனவே பயனர்கள் எதையும் அழுத்தாமலே அது அவர்கள் கணினிக்குள் நுழைந்தது. சில பயனர்கள் கண்டுபிடித்து எச்சரித்தார்கள். 2021 பிப்ரவரியில் கூகல் அதைத் தீங்குநிரல் என்று அறிவித்து நீக்கியது.

2024 மார்ச் மாதம் இன்னொன்று நடந்தது. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்-இசட்' எனும் திறமூல மென்பொருளில் இரகசியக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உதவி செய்து நம்பிக்கை பெற்றவர். கணினிக்குள் நுழைய ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாக ஆவதை ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் எனும் பொறியாளர் கவனித்தார். 'ஏன்?' என்று தோண்டினார், சூழ்ச்சி வெளிப்பட்டது. நிரல் திறந்திருந்ததால்தான் வெளியாளான அவரால் தோண்ட முடிந்தது.

ஆகவே, திறமூலம் நல்லதே. ஆனால் அது மட்டும் போதாது. நிறுவும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. இது உண்மையிலேயே தேவையா?
2. செய்யும் வேலைக்கும் கேட்கும் அனுமதிக்கும் பொருத்தம் உண்டா?
3. உருவாக்கியவர் யார்? அண்மையில் கைமாறியதா?
4. குறைகளைச் சொன்னவர்களுக்குப் பதில் கிடைத்திருக்கிறதா?

நிறுவிய பிறகும் மாதம் ஒருமுறை பட்டியலைப் பார்த்து, பயன்படுத்தாதவற்றை நீக்கிவிடுங்கள்.

மாணவியின் தேடல் முதல் கேள்வியிலேயே முடிந்தது. விண்டோசிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது. அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் போதும். ஆப்பிள் கணினியில் உள்ள அஞ்சல் விசைப்பலகையோ, நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கியது. இன்று உங்கள் உலாவியில் எத்தனை நீட்டிப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.