புளித்த மா தருவதும் தராததும்

கொலன்னாவையில் எங்கள் ஒழுங்கையில் இரவு ஏழரை மணிக்குப் பிறகு கிரைண்டர் சத்தம் கேட்கத் தொடங்கும். கடைகளுக்குத் தோசைமா அரைத்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு. தங்கள் வீட்டுக்கு மட்டும் அரைப்பவர்களும் உண்டு. அரைபட்ட உளுந்தும் அரிசியும் உப்புப் போட்டுக் கையால் அடித்துக் கலக்கப்பட்டு வாளிகளில் மூடிவைக்கப்படும். விடிய ஐந்து மணிக்கு மூடியைத் திறந்தால் மா விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். கொழும்பின் சூட்டுக்கு எட்டு மணித்தியாலம் தாராளம்.

அந்த எட்டு மணித்தியாலத்தில் நடப்பதையெல்லாம் 'புளிச்சிட்டுது' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். உண்மையில் அது பெரிய வேலை. உளுந்தோடு ஒட்டிவரும் லியுகொனொஸ்டொக் மெசென்டெரொய்டிஸ் என்ற பற்றீரியா முதலில் பெருகி வாயுவை விட்டு மாவைப் பொங்க வைக்கிறது. பின்னால் வருபவை புளிப்பைக் கூட்டுகின்றன. இட்லிமாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட் அல்ல, முக்கியமாக இந்தப் பற்றீரியாதான் என்பது 1960களில் நடந்த ஆய்வுகளில் தெளிவானது. மா புளிக்கும்போது பி1, பி2 விற்றமின்கள் கூடுகின்றன என்று இந்திய ஆய்வுகூடங்கள் எழுதத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான்.

பற்றீரியாவுக்கும் விற்றமின் வேண்டும். சில இனங்கள் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்கின்றன. சில, பக்கத்தில் கிடைப்பதை எடுத்துக்கொள்கின்றன. தயிரில் இதைத் துல்லியமாகப் பார்க்கலாம். யோகட் செய்யச் சேர்க்கும் இரண்டு பற்றீரியாக்களில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தேர்மோபிலஸ் பெரும்பாலும் போலேற்றைச் செய்து பாலுக்குள் விடுகிறது. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் போலிக் அமிலத்தின் இயற்கை வடிவம் அது. கூட இருக்கும் லக்டோபசிலஸ் பல்கேரிக்கஸ் அதில் ஒரு பங்கை உண்டுவிடுகிறது. ஒரே பாலில் இரண்டு வீடுகளில் உறையூற்றினாலும் இரண்டு தயிரிலும் ஒரே அளவு போலேற் இராது. உறையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஆகவே விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி எளிமையானது: உறையில் இருப்பவர்களை நாமே தெரிந்தெடுத்தால் என்ன?

இந்தக் கேள்விக்கும் கொழும்புக்கும் பழைய உறவு இருக்கிறது. பொரளையில் இன்று மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் என்று அறியப்படும் இடம், 1900இல் பற்றீரியவியல் நிறுவனமாகத் தொடங்கியது. கிருமிகளைப் பிடிக்கக் கட்டிய அந்த நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்த லூசியஸ் நிக்கொல்ஸ், தன் கவனத்தில் பெரும்பங்கைச் சாப்பாட்டின் பக்கம் திருப்பினார். முழங்கையிலும் தொடையிலும் தோல் முள்முள்ளாகத் தடித்துப்போன நோயாளிகளைப் பார்த்து, அதற்குத் 'தேரைத்தோல்' என்று பொருள்படும் ஒரு பெயரிட்டு, இது விற்றமின் குறைபாட்டால் வருவது என்று 1933இல் எழுதினார். நாட்டின் நுண்போசணை ஆய்வுகளை இன்றும் நடத்துவது அதே நிறுவனம்தான்.

நிக்கொல்ஸ் அதை எழுதிய மறுவருடம் மலேரியா வந்தது. 1934-35 கொள்ளைநோயில் இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். காய்ச்சலுக்குக் குயினின் இருந்தது. பட்டினியால் வற்றிப்போன உடம்பைத் தேற்ற எதுவும் இருக்கவில்லை. அப்போது கேகாலைப் பக்கக் கிராமங்களுக்குப் போன, இடதுசாரிகள் நடத்திய சூரியமல் இயக்கத்தின் தொண்டர்கள் கையில் எடுத்துச் சென்றவற்றில் ஒன்று மாமைட். பாணில் பூசிச் சாப்பிடும் அந்தக் கறுப்புக் களி, பியர் வடித்த பிறகு மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்வது. அதற்குச் சில வருடம் முன்புதான் பம்பாயில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஆலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிகளின் இரத்தச்சோகை மாமைட்டால் குணமாவதைக் கண்டு 1931இல் எழுதியிருந்தார். அதிலிருந்த மருந்து போலேற் என்பது 1941இல் அது கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பிறகே விளங்கியது. ஈஸ்ட் பற்றீரியா அல்ல, பங்கசு வகை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத உயிரிகளின் விற்றமினை ஏழையின் உடம்பில் சேர்ப்பது என்ற எண்ணத்துக்கு இந்தத் தீவில் வயது 90 ஆகிவிட்டது. இதைப் புதுமை என்று சொல்லும்போதெல்லாம் அந்தத் தொண்டர்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.

இனி பி2. தயிர்ச் சட்டியில் ஒரு கரண்டி அள்ளியதும் குழியில் ஊறி நிற்கும் தண்ணீரைக் கவனித்துப் பாருங்கள். மஞ்சளில் இலேசான பச்சை. அந்த நிறமே பி2 விற்றமின்தான். தயவுசெய்து அதைக் கொட்டாதீர்கள். பி2 சூட்டைத் தாங்கும், வெளிச்சத்தைத் தாங்காது. அந்த வகையில் மண்சட்டிக்குள் இருக்கும் எருமைத் தயிர் கண்ணாடிப் போத்தலில் வெயிலில் நிற்கும் பாலைவிடப் பாதுகாப்பானது.

பி2வை அதிகம் செய்யும் பற்றீரியாவைத் தெரிந்தெடுக்க ஆய்வாளர்கள் ஓர் அழகான வழியைக் கையாளுகிறார்கள். ரோசியோஃபிளேவின் என்றொரு நஞ்சு, பி2 போலவே வேடமிட்டிருக்கும். அதைக் கண்ட பற்றீரியா 'வேண்டிய அளவு பி2 இருக்கிறது' என்று ஏமாந்து, தன் உற்பத்தியை நிறுத்திச் செத்துப்போகும். கோடிக்கணக்கில் ஒன்றிரண்டுக்கு மட்டும் அந்த நிறுத்தும் விசை பழுதாகியிருக்கும். அவை பி2வை நிறுத்தாமல் செய்துகொண்டே பிழைக்கும். பிழைத்தவற்றை எடுத்து வளர்த்தால் போதும். மரபணுவை வெட்டி ஒட்டும் வேலை இல்லை. 2004இல் லக்டோகொக்கஸ் லக்டிஸ் இனத்தில் இது செய்து காட்டப்பட்டது. பிறகு இத்தாலியில் இப்படித் தெரிந்த லக்டோபசிலஸைப் பாண் மாவில் சேர்த்து, பாணின் பி2 அளவைக் கூட்டினார்கள். பாணில் முடிவதைத் தோசையிலும் முயன்று பார்க்க வேண்டும்.

போலேற்றும் பி2வும் நமக்குக் கீரையிலும் பருப்பிலும் பாலிலும் ஓரளவு கிடைக்கின்றன. கடினமானது பி12. கொழும்புத் தமிழர்களில் மரக்கறி மட்டும் உண்ணும் குடும்பங்கள் நிறைய. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு முட்டையையும் பால்மாவையும் குறைத்துக்கொண்ட வீடுகள் அதைவிட நிறைய. பி12 குறைந்தால் கால் விறைக்கும், ஊசி குத்துவதுபோல் இருக்கும், நாக்கு எரியும், மறதி வரும். முற்றினால் நரம்பு திரும்பக் குணமாகாமலும் போகலாம். ஒரு நாளைக்கு வளர்ந்தவருக்கு வேண்டியது 2.4 மைக்கிரோகிராம். ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு சொச்சம்.

அந்தச் சொச்சத்தை எந்த மரமும் செடியும் செய்வதில்லை. மாடும் மீனும் கோழியும்கூடச் செய்வதில்லை. உலகில் பி12 செய்யத் தெரிந்தவை பற்றீரியாவும் அதன் தூரத்து உறவான ஆர்க்கியாவும் மட்டுமே. மாட்டின் இரைப்பையில் இருக்கும் பற்றீரியா, புல்லிலுள்ள கோபால்ட்டை எடுத்துச் செய்ததுதான் பாலில் வருகிறது. மனிதரும் முயன்றார்கள்: உட்வேர்ட், எஷன்மோசர் என்ற இரு வேதியியலாளர்களின் தலைமையில் ஏறத்தாழ நூறு பேர் பத்தாண்டுக்கு மேல் உழைத்து 1972இல் ஆய்வுகூடத்தில் செய்து முடித்தார்கள். மருந்துக்கடையில் பி12 குளிசை வாங்குகிறவர் இன்றும் வாங்குவது பெருந்தொட்டிகளில் வளர்த்த பற்றீரியா செய்த பி12ஐத்தான். 'சைவக் குளிசையா?' என்று கேட்பவர்களுக்கு, உள்ளிருக்கும் பி12 எந்த விலங்கிலிருந்தும் எடுத்ததல்ல என்று சொல்லலாம். கூட்டைத்தான் பார்த்து வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தே ஒரு முக்கியமான செய்தி உண்டு. மரக்கறி மட்டும் உண்ணும் தென்னிந்தியர்கள் பலர் பி12 குறைபாடு முற்றாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள்? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆல்பர்ட், மாதன், பேக்கர் ஆகிய மூவரும் நலமாக இருந்தவர்களின் சிறுகுடலை ஆராய்ந்தார்கள். அங்கே வாழும் சில பற்றீரியாக்கள் பி12 செய்கின்றன என்று 1980இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பெருங்குடலிலும் பி12 ஏராளமாக உருவாகிறது. ஆனால் உடம்பு அதை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. கீழே உருவாவது மேலே திரும்பாது, வீணாகிறது. எனவே எங்கே உருவாகிறது என்பதே எல்லாம். குடலுக்குள் நுழையுமுன், சட்டியிலேயே உருவாகிவிட்டால்?

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. 2003இல் ஆர்ஜென்டினாவின் துகுமான் நகரிலுள்ள பால் பற்றீரியா ஆய்வு மையத்தினர், புளித்த பாண்மாவிலிருந்து எடுத்த லக்டோபசிலஸ் ரொய்டெரி பி12 செய்வதாக அறிவித்தார்கள். பெரிய மகிழ்ச்சி. 2007இல் அது செய்வது போலிப் பி12 என்று தெரியவந்தது. உருவம் கிட்டத்தட்ட அதேதான். அடியில் ஒரு துண்டு மட்டும் வேறு. பற்றீரியாவுக்கு அது வேலை செய்யும், மனித உடம்புக்குச் செய்யாது. கடல்பாசி மாத்திரை என்று விலை கூட்டி விற்கும் ஸ்பிருலினாவிலும் பெரும்பகுதி இந்தப் போலியே. பெட்டியில் 'பி12' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மரக்கறிக் குடும்பங்கள் பணம் கொடுப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

உண்மையான பி12 செய்யும் உணவுப் பற்றீரியாவும் இருக்கிறது: புரோபியோனிபக்டீரியம் பிராய்டன்ரைகி. சுவிஸ் சீஸில் பெரிய ஓட்டைகளை உண்டாக்குவது இதுதான். உண்பதற்குப் பாதுகாப்பானது என்பதற்குப் பல தலைமுறைச் சான்று உண்டு. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தினர் இதை ஒரு லக்டோபசிலஸோடு சேர்த்துக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, தானியத்திலேயே பி12 உண்டாகச் செய்தார்கள். இது ஆறுதலாக வளரும், காற்றை விரும்பாது, சற்றே சீஸ் வாசம் தரும். எட்டு மணித்தியாலத்தில் புளிக்கும் தோசைமாவுக்குள் இதைக் குடியேற்றுவது இலகுவல்ல. நம்பிக்கை தரும் ஒரு நுணுக்கம், பி12இன் அந்த அடித்துண்டு பி2விலிருந்து உருவாவது. பி2வை அதிகம் செய்யும் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் உதவலாம். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தினரும் 2010இல், ஆயுர்வேதத்தில் 'காஞ்சிகம்' எனப்படும் புளித்த சோற்றுநீரிலிருந்து எடுத்த ஒரு பற்றீரியா பி12 தருவதாக எழுதினார்கள். நம் பழந்தண்ணிக்கு நெருங்கிய சொந்தம் அது. குப்பியில் கண்டது மனித இரத்தத்தில் ஏறுகிறதா என்பதே இத்தகைய எல்லா ஆய்வுக்கும் அடுத்த பரீட்சை.

அந்தப் பரீட்சை முடியுமுன், பழஞ்சோறு உண்டால் பி12 நிறைந்துவிடும் என்று வட்ஸ்அப்பில் வருவதை நம்பிக் குளிசையை நிறுத்தவேண்டாம். பழஞ்சோற்றை நான் விரும்பிச் சாப்பிடுகிறவன்; அதற்காக இதை மறைக்க முடியாது. நீரிழிவுக்கு மெற்போமின் நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு பி12 உறிஞ்சுவது குறையும்; அவர்கள் டொக்டரிடம் கேட்டு இரத்தம் பார்ப்பது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை புனேயிலிருந்து வருகிறது. போலேற் கூடி பி12 குறைந்த கர்ப்பிணிகளின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத போக்கு கூடுதலாக இருந்தது என்று யாஜ்னிக் குழுவினர் 2008இல் காட்டினார்கள். போலேற் மட்டும் கூடினால் பி12 குறைவின் இரத்தச்சோகை மறைந்துபோகும், நரம்பின் சேதம் உள்ளே தொடரும் என்பதும் பழைய பாடம். ஆகவே போலேற்றை அள்ளித்தரும் தயிரை மட்டும் உருவாக்கி மரக்கறி வீடுகளுக்குக் கொடுப்பது அரைவேலை. இரண்டும் சேர்ந்து வரவேண்டும்.

சரி, ஆய்வுகூடத்திலிருந்து கொலன்னாவைக்கு எப்படி வரும்? உகண்டாவில் ஒரு வழி போட்டிருக்கிறார்கள். போலேற்றை மிகுதியாகச் செய்யும் லக்டோகொக்கஸை நெதர்லாந்தில் உருவாக்கிய குழுவில் இருந்த வில்பெர்ட் சிபெஸ்மா, பிறகு 'யோபா ஃபோர் லைஃப்' அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அவர்கள் கொடுப்பது காய்ந்த உறைப் பொடி. ஒரு கிராம் பொட்டலத்தில் 100 லீற்றர் பால் உறையும். நோக்கம் விற்றமின் அல்ல, குடல் நலம். ஆனால் பாதை அதேதான்: தொழிற்சாலை வேண்டாம், வீட்டுக்குப் பின்னால் பால் காய்ச்சும் பெண் ஒருவர் போதும். திரிபோஷாவை 1973 முதல் கிளினிக் வழியாக வீடுகளுக்குச் சேர்த்த நாடு இது. அதே குடும்பநல உத்தியோகத்தர் பையில் ஓர் உறைப் பொட்டலமும் போகலாம்.

2016 மே வெள்ளத்தில் எங்கள் பக்கம் கூரைவரை தண்ணீர் நின்றபோது வந்த உலருணவுப் பொதிகளில் அரிசி, பருப்பு, சீனி, பிஸ்கட் இருந்தன. அவற்றில் எதிலும் பி12 சொல்லத்தக்க அளவில் இல்லை. இறுக மூடிய பொட்டலத்தில் காய்ந்த உறை, பால்மாவோடு சேர்ந்து அப்படிப்பட்ட பொதிக்குள் போயிருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

ஒரு சிக்கல் மீதமிருக்கும். நம் வீடுகளில் நேற்றைய தயிரே இன்றைய உறை. விளக்கு வைத்த பிறகு கொடுக்கக்கூடாது என்ற வழக்கம் இருந்தாலும், பகலில் கேட்டால் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. தெரிந்தெடுத்த பற்றீரியாவும் அப்படியே கிண்ணம் கிண்ணமாக ஒழுங்கை முழுக்கப் பரவும். ஆனால் ஒவ்வொரு கைமாற்றலிலும் காற்றிலும் பாத்திரத்திலும் இருப்பவை உள்ளே நுழையும். வேகமாக வளர்பவை ஆறுதலாக வளரும் பி12காரரை ஓரந்தள்ளிவிடும். எத்தனை கைமாற்றலுக்குப் பிறகு புதுப் பொட்டலம் பிரிக்கவேண்டும் என்பதை ஹெல்சிங்கியின் குளிரில் இருந்து சொல்ல முடியாது. அதை நம் சூட்டில், நம் சட்டியில் எண்ணிப் பார்க்க வேண்டும்; அதற்கான ஆய்வுகூடம் பொரளையில் இருக்கிறது.