‘டெட்’ என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம்?

போன் டெட், பேட்டரி டெட், கடையில் தேங்கிக் கிடப்பது டெட் ஸ்டாக், முட்டுச்சந்து டெட் எண்ட், வேலையை முடித்தாக வேண்டிய நாள் டெட்லைன். ஆங்கிலம் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லாமல் தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் புழங்குகிற சொல் இது. இதன் முதற்பொருள் உயிரற்றது, இறந்தது என்பதுதான். பழைய ஆங்கிலக் காலம் தொட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பொருளில் வழங்கி வருகிறது. ஆனால் மேலே சொன்ன எதற்கும் ஒருநாளும் உயிர் இருந்ததில்லை. இல்லாத உயிர் எப்படிப் போகும்? அகராதியில் இந்தச் சொல்லுக்கு நேரே வரிசையாக நிற்கும் பொருள்களைப் பார்த்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சிதறிக் கிடப்பதாகவே தோன்றும். உண்மையில் அவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரே இழை கோக்கிறது. ஒருவர் இறந்தால் நாம் முதலில் உணர்வது, கூப்பிட்டால் பதில் இல்லை என்பதைத்தான். ‘டெட்’ என்ற சொல் அந்தப் பதிலின்மையைத்தான் பொருள்களின் மேல் ஏற்றுகிறது. பொருளின் நிலையை அது சொல்வதில்லை. நமக்கும் அதற்கும் நடுவே இருந்த தொடர்பு அறுந்துவிட்டது என்று சொல்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் மொழிப்பிழையோடு போகாது. சில இடங்களில் ஆளையே காவு வாங்கும்.

கிரிக்கெட் விதிகளிலிருந்தே தொடங்கலாம். பந்து விக்கெட் கீப்பர் கையிலோ பந்துவீச்சாளர் கையிலோ அடங்கிவிட்டால், எல்லைக்கோட்டைத் தொட்டால், ஆட்டக்காரர் அவுட் ஆனால் அது டெட் பால். இவை போக இன்னொரு வழியையும் விதி சொல்கிறது. பந்து இன்னும் ஆட்டத்தில் இருப்பதாகக் களத்தடுப்பு அணியும் இரண்டு ஆட்டக்காரர்களும் கருதவில்லை என்று நடுவருக்குத் தெளிவாகத் தெரிந்தால் போதும், பந்து டெட். பந்து புல்லில் உருண்டுகொண்டுகூட இருக்கலாம். அதற்குப் பிறகு ஓடினால் ஓட்டம் கிடையாது, ஸ்டம்பைத் தட்டினால் அவுட் கிடையாது. அடுத்த பந்துக்காகப் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும்போது அதே பந்து மீண்டும் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறது. டெஸ்ட் போட்டியில் ஒரு நாளைக்கு 90 ஓவர் என்றால், ஒரே நாளில் 540 முறை பந்து ‘இறந்து’ பிழைக்கிறது. தோலும் நூலும் தக்கையும் அப்படியேதான் இருக்கின்றன. மாறுவது பந்துக்கும் ஸ்கோர் பலகைக்கும் உள்ள தொடர்பு மட்டும்தான்.

அஞ்சல் துறையின் ‘டெட் லெட்டர்’ இன்னும் தெளிவான சான்று. முகவரி சரியில்லாமல் பெறுநரிடமும் சேர்க்க முடியாமல், அனுப்பியவரிடமும் திருப்ப முடியாமல் போகும் கடிதத்துக்கு அந்தப் பெயர். இதற்கென்றே பிரிட்டனில் 1784இலும் அமெரிக்காவில் 1825இலும் தனி அலுவலகங்கள் ஏற்பட்டன. இந்தியாவிலும் அதே பெயரில் அலுவலகம் இருந்தது. பிறகு அதன் பெயர் ‘ரிட்டர்ன்ட் லெட்டர் ஆபீஸ்’ என்று மாறியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாஷிங்டன் அலுவலகத்தில் பேட்டி லைல் காலின்ஸ் என்ற பெண்மணி பணியாற்றினார். யாராலும் படிக்க முடியாத முகவரிகளைப் படித்துவிடுவதில் அவர் பேர் பெற்றவர். நாட்டின் ஊர்ப் பெயர்கள், தெருப் பெயர்கள், வட்டார வழக்குப் பெயர்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ‘தீவு’ என்று மட்டும் எழுதிய கடிதத்தைக்கூட, மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் நகரின் ஒரு பகுதியை உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள் என்று அறிந்து அங்கே அனுப்பிவைத்தார். உள்ளே இருந்த செய்தியும் நலவிசாரிப்பும் பணமும் எப்போதும் அப்படியேதான் இருந்தன. பாதை தெரிந்தவர் ஒருவர் கைக்கு வந்ததும் கடிதம் ‘டெட்’ என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டது.

நம் பக்கத்துச் சான்று ஒன்று அணையில் இருக்கிறது. பொறியாளர்கள் ‘டெட் ஸ்டோரேஜ்’ என்பார்கள். நீர் வெளியேறும் மதகுக்கோ சுரங்கத்துக்கோ கீழே தங்கிவிடும் தண்ணீர் அது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில் இந்த அளவு 104 அடி. அதற்குக் கீழே நீர்மட்டம் இறங்கினால் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தேனி மாவட்டத்துக்குத் தண்ணீர் வராது. கம்பம் பள்ளத்தாக்கு உழவருக்கு அந்தத் தண்ணீர் இல்லாததற்குச் சமம். ஆனால் தேக்கடியில் சுற்றுலாப் பயணிகள் படகில் போய்ப் பார்க்கும் ஏரி இதே நீர்த்தேக்கம்தான். கோடையில் யானைக்கூட்டம் இறங்கிக் குடிப்பதும், மீன்கள் பிழைத்துக் கிடப்பதும் இந்தத் தண்ணீரில்தான். சுரங்கத்தின் வாயிலிருந்து பார்த்தால் இறந்தது. காட்டின் பக்கமிருந்து பார்த்தால் உயிர் காப்பது. எந்த இடத்தில் நின்றுகொண்டு சொல்கிறோம் என்பதைச் சேர்க்காமல் ‘டெட்’ என்ற சொல்லுக்குப் பொருளே நிறைவதில்லை.

இதற்கு மறுப்பாகச் சாக்கடலைக் காட்டலாம். அங்கே மீன் இல்லை, செடி இல்லை. உயிர் இல்லாததால்தானே அந்தப் பெயர்? பெயர் வந்த காரணம் அதுதான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் சாதாரணக் கடல்நீரைப் போலப் பத்து மடங்கு அளவுக்கு உப்பேறிய அந்த நீரிலும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பது 1930களிலேயே கண்டறியப்பட்டது. அந்த உப்புக்குக் காரணம் என்ன? யோர்தான் ஆறு அதற்குள் வந்து விழுகிறது. கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே கிடக்கும் அந்தப் பள்ளத்திலிருந்து நீர் வெளியேற ஒரு வழியும் இல்லை. நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. மற்ற நீர்நிலைகளோடு தொடர்பு அறுந்ததே அதன் கதை. இப்போது யோர்தானின் நீரைப் பாசனத்துக்கும் குடிநீருக்கும் திருப்பிவிட்டதால், சாக்கடலின் மட்டம் ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் இறங்கிக்கொண்டிருக்கிறது. இறந்தது என்று பெயர் பெற்ற கடல் உண்மையிலேயே வற்றத் தொடங்கியிருப்பது இப்போதுதான்.

‘டெட்லைன்’ என்ற சொல்லை வைத்தும் மறுக்கலாம், ஏனென்றால் அது பிறந்த இடத்தில் சாவு உண்மையான சாவு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1864இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில்லில் போர்க்கைதிகள் முகாம் அமைந்தது. உயர்ந்த மரச்சுவருக்கு உட்புறம் சில அடி தள்ளி ஒரு தாழ்வான கட்டைவேலி போட்டிருந்தார்கள். அதைத் தாண்டியவரை, சில நேரம் தொட்டவரையே, காவலர் சுட்டுவிடுவார்கள். அந்த வேலிக்குப் பெயர் டெட்லைன். அங்கே அடைபட்ட ஏறத்தாழ 45,000 பேரில் 13,000 பேர் வரை பெரும்பாலும் நோயாலும் பட்டினியாலும் இறந்தார்கள். முகாம் தலைவர் ஹென்றி விர்ஸ் 1865இல் தூக்கிலிடப்பட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் இந்தச் சொல் காலக்கெடுவைக் குறிக்கத் தொடங்கியது. அங்கே யாரையும் யாரும் சுடவில்லை. கெடு தாண்டி வந்த செய்திக்கு அன்றைய தாளில் இடம் இல்லை, அவ்வளவுதான். சாவில் பிறந்த சொல்கூடப் புழக்கத்துக்கு வந்ததும் தொடர்பு அறுவதைத்தான் குறிக்கிறது.

என் வாதத்துக்கு முழுமையாக அடங்காத ஒரு பிரிவும் உண்டு. ‘டெட் ஷூர்’, ‘டெட் ஸ்ட்ரெய்ட்’ போன்ற வழக்குகளில் ‘டெட்’ வெறும் அழுத்தச் சொல்லாக நிற்கிறது. சாவில் பாதி, முக்கால் என்ற படிகள் கிடையாது. ஒருவர் இருக்கிறார் அல்லது இல்லை. அந்த முழுமையை இங்கே சொல் கடன் வாங்கியிருக்கிறது. தமிழில் கொலைப்பசி என்கிறோமே, அதில் கொலை எதுவும் இல்லை. பசியின் உச்சத்தைச் சொல்ல ஒரு கடுமையான சொல் தேவைப்படுகிறது. அதே வழிதான் இதுவும். இந்தப் பிரிவைத் தனியாக வைத்துவிடலாம். இதனால் மற்றவற்றைப் பற்றிய முடிவு மாறுவதில்லை.

சொல்லுக்கு என்ன பொருளாக இருந்தால் நமக்கென்ன என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் பெரிய மறுப்பு. அதற்கு மின்கம்பத்தில் பதில் இருக்கிறது. லைன் டெட் என்றால், மின்சாரம் வரும் வழியைத் துண்டித்துவிட்டோம் என்று பொருள். அந்த ஒரு வழியைத்தான் துண்டித்திருக்கிறோம். எங்கோ ஒரு வீட்டில் தவறாக இணைத்த ஜெனரேட்டரிலிருந்து பின்வழியே மின்சாரம் ஏறலாம். பக்கத்தில் ஓடும் உயர் அழுத்தக் கம்பியின் தூண்டலால் ஏறலாம். வேலை நடப்பது தெரியாமல் யாராவது சுவிட்சைப் போட்டுவிடலாம். அதனால்தான் சுவிட்சைத் திறந்த பிறகும் சோதனைக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும், வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் ராடு மாட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் கம்பியைத் தொட வேண்டும் என்பது விதி. டெட் என்பதைக் கம்பியின் குணமாக எடுத்துக்கொள்ளும் தொழிலாளி நேரே கைவைப்பார். ஒரு தொடர்பு அறுந்த நிலை என்று புரிந்துகொண்டவர், மற்றத் தொடர்புகள் உண்டா என்று தேடிவிட்டுத்தான் கைவைப்பார். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு குடும்பத்தின் வாழ்வு.

சட்டத்திலும் இதே ஆபத்து உண்டு. ஏட்டில் இருந்து நடப்பில் இல்லாத சட்டத்தையும் ‘டெட் லெட்டர்’ என்பார்கள். இங்கிலாந்தில் குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் சண்டையிட்டு வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் இடைக்காலச் சட்டம் பல தலைமுறைகளாகப் பயன்படாமல் கிடந்தது. கொலை வழக்கில் விடுதலையான ஆபிரகாம் தார்ன்டன்மீது இறந்த பெண்ணின் சகோதரர் மறுபடி வழக்குத் தொடுத்தபோது, தார்ன்டன் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தார். நீக்கப்படாத சட்டம் சட்டமே என்று 1818இல் நீதிமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சகோதரர் சண்டைக்கு வரவில்லை, தார்ன்டன் தப்பினார். மறு ஆண்டே நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் செல்லாது என்று அறிவித்தது. ஆனால் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. இது குறித்து 2021இல் நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. அந்தப் பிரிவில் யார்மீதும் நடவடிக்கை கூடாது என்று 2022இல் உத்தரவே போட வேண்டியிருந்தது. டெல்லியில் செத்த சட்டம் காவல் நிலையத்தில் சாகவில்லை. இடையில் இருந்த தொடர்பை யாரும் போய் அறுக்கவில்லை.

மொழிகளைப் பற்றிப் பேசும்போதும் இந்த எச்சரிக்கை வேண்டும். லத்தீனை இறந்த மொழி என்கிறோம். ஆனால் அதில் எழுதியவற்றை இன்றும் படிக்கிறார்கள், வத்திக்கானில் இன்றும் ஆவணங்கள் எழுதுகிறார்கள். அறுந்தது ஒன்றே ஒன்று: அதைத் தாய்மொழியாகக் கேட்டு வளரும் குழந்தை இல்லை. எபிரேயத்தில் அந்த ஒரு தொடர்பைத் திரும்பக் கட்டினார்கள். எலியேசர் பென் யெகுடா 1881இல் பாலஸ்தீனத்துக்குக் குடியேறினார். அடுத்த ஆண்டு பிறந்த தன் மகனிடம் எபிரேயத்தில் மட்டுமே பேசி வளர்த்தார். பள்ளிகளும் குடியேறிய குடும்பங்களும் அதைத் தொடர்ந்தன. இன்று அது ஒரு நாட்டின் ஆட்சிமொழி, பல லட்சம் பேரின் தாய்மொழி. ‘வழக்கொழிந்த மொழி’ என்ற தமிழ்த் தொடர் இந்த இடத்தில் ஆங்கிலத்தைவிடத் துல்லியமானது. ஒழிந்தது வழக்கு, மொழி அல்ல என்று அது சரியாகப் பிரித்துக் காட்டுகிறது.

ஒன்றை ‘டெட்’ என்று யாராவது சொன்னால் அதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். எந்தத் தொடர்பு அறுந்தது, எந்தப் பக்கமிருந்து பார்த்துச் சொல்கிறீர்கள், வேறு தொடர்பு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். நடைமுறையில் இல்லாத நல்ல சட்டமாக இருந்தால் அதை எடுத்து நீட்டி உரிமையைக் கேளுங்கள். மழைக்காலத்தில் தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியாக இருந்தால், அது டெட் என்று யார் சொன்னாலும் நம்பித் தொடாதீர்கள். பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் விலக்கிவிட்டு முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.