பேய் பேசும் மொழி: மணிச்சித்ரத்தாழும் அதன் ரீமேக்குகளும்

அடியேன் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, 1982ல் பிழைப்புத் தேடி பெங்களூருக்கு வந்து, அரிசி வியாபாரம் செய்பவன். கடையில் ஆள் நடமாட்டம் இல்லாத மதிய வேளையில் மூட்டைமேல் உட்கார்ந்து படித்ததுதான் என் படிப்பு. "காப்பியம் பற்றி எழுதுகிற மனுஷன் இந்த வருஷம் பேய்ப்படம் பற்றி எழுத வந்துட்டாரே" என்று நண்பர்கள் சிரிக்கலாம். காரணம் என் பேத்தி.

2024 ஆகஸ்டில் 'மணிச்சித்ரத்தாழ்' என்ற மலையாளப் படம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. அந்தப் பேச்சு கிளம்பியதும் வீட்டில் டிவியில் போட்டுப் பார்த்தோம். பேத்திக்குப் பத்து வயசு. பள்ளியில் கன்னடம், தோழிகளோடு இங்கிலீஷ், எங்களோடு தமிழ். படத்தில் கதாநாயகி நள்ளிரவில் கண்ணை உருட்டிப் பேசத் தொடங்கினாள். குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"தாத்தா, படம் மலையாளம்தானே? பேய் மட்டும் ஏன் நம்ம தமிழ் பேசுது?"

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில் கிடைத்தவையே இக்கட்டுரை.

மூன்று வகைப் பேய்கள்

நம் நாட்டுப் பேய்ப்படங்களை என் சிற்றறிவுக்கு எட்டியவரை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் பேயே கிடையாது. பேய் வேஷம் போட்ட மனிதர்கள்தான் உண்டு. 1964ல் வந்த இந்திப் படம் 'வோ கௌன் தீ', அதன் தமிழ் ரீமேக்கான 1966ன் 'யார் நீ' இரண்டும் இந்த வகை. வெள்ளைப் புடவை, மழை, ஆளில்லாத சாலை, ஒரு பெண்ணின் குரல் எல்லாம் வரும். கடைசியில் பார்த்தால் சொத்துக்காக ஒருவனைப் பைத்தியமாக்கச் செய்த சூழ்ச்சி!

இரண்டாம் வகையில் பேய் மனத்தின் காயம். யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் பேய் இல்லை. இந்த வகைக்குச் சிறந்த உதாரணம் 1993 டிசம்பரில் வந்த மணிச்சித்ரத்தாழ்.

மூன்றாம் வகையில் பேய் நிஜமாகவே பேய்தான். இப்போது வருகிற படங்களில் பெரும்பாலானவை இந்த வகை. ஒரு படத்தை ரீமேக் செய்து, அதற்கு இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று எடுக்கும்போது, இரண்டாம் வகைப் பேய் மெல்ல மெல்ல மூன்றாம் வகையாக மாறுவதைக் காண்கிறோம். அதில் நாம் எதை இழந்தோம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு கதை, நான்கு ஊர்

மூலப்படத்தை எழுதியவர் மது முட்டம், இயக்கியவர் பாசில். கல்கத்தாவிலிருந்து நகுலனும் அவன் மனைவி கங்காவும் கேரளத்து மாடம்பள்ளி என்ற பழைய வீட்டுக்கு வருகிறார்கள். பூட்டிக் கிடந்த தெக்கினி என்ற தென்புறக் கட்டைக் கங்கா திறக்கிறாள். ஒரு காலத்தில் அங்கே அடைத்து வைக்கப்பட்டு, கொல்லப்பட்ட நாட்டியக்காரி நாகவல்லியின் கதை அவளைப் பற்றிக்கொள்கிறது. நாகவல்லி யார்? தஞ்சாவூர்க்காரி. எனவேதான் அவள் பேசுவதும் பாடுவதும் தமிழ். அந்தப் பாட்டின் தமிழ் வரிகளைக் கவிஞர் வாலி எழுதினார். கங்காவாக நடித்த ஷோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. மலையாள வசனத்துக்கு பாக்கியலட்சுமி குரல் கொடுக்க, நாகவல்லியின் தமிழுக்குக் குரல் கொடுத்தவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர். இதை இயக்குநர் ஊரறியச் சொன்னது இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து! படத்தின் சில பகுதிகள் எடுக்கப்பட்டது நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில்.

அடுத்தது நம் ஊர். 2004 ஆகஸ்டில் பி. வாசு இயக்கத்தில் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' வந்தது. டாக்டராக விஷ்ணுவர்தன், கங்காவாக சௌந்தர்யா. இங்கே நாகவல்லி பேசியது தமிழ் அல்ல, தெலுங்கு.

அதே வாசு 2005 சித்திரை முதல் நாளில் தமிழில் 'சந்திரமுகி'யைக் கொடுத்தார். பெங்களூரில் பிறந்து, இங்கே பஸ் கண்டக்டராக இருந்த ரஜினிகாந்த்தான் டாக்டர், கங்கா ஜோதிகா. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடியது. அதிலும் பேய் பேசியது தெலுங்கே.

2007ல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தார். மூலப்படத்தின் சில காட்சிகளை பாசிலுக்காக எடுத்துக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். இந்தியில் அந்த நாட்டியக்காரியின் பெயர் மஞ்சுலிகா, பேசுவது வங்காளி. நடித்த வித்யா பாலனோ பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண்!

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மலையாளத்துக்குத் தமிழ்ப் பேய். கன்னடத்துக்கும் தமிழுக்கும் தெலுங்குப் பேய். இந்திக்கு வங்காளிப் பேய். அப்படியானால் தெலுங்குக்கு? சந்திரமுகியைத் தெலுங்கில் டப் செய்தபோது 'ரா ரா' பாட்டு 'வாராய்' ஆகிவிட்டது. சுற்றிச் சுற்றிப் பேய் மறுபடி தமிழுக்கே வந்து சேர்ந்தது!

ஏன் பக்கத்து வீட்டு மொழி?

எந்த ஊர்க்காரரும் தம் பேய்க்குத் தம் மொழியைக் கொடுக்கவில்லை. முற்றிலும் தெரியாத சீன மொழியையோ ரஷ்ய மொழியையோ கொடுக்கவும் இல்லை. பாதி புரிந்து பாதி புரியாத பக்கத்து வீட்டு மொழியைத்தான் கொடுத்தார்கள். முழுக்கப் புரிந்தால் பயம் போய்விடும். ஒன்றுமே புரியாவிட்டால் கதை போய்விடும். பாதி புரியும் இடத்தில்தான் முதுகுத்தண்டு சில்லிடும். இது கலை நுணுக்கம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இது கலை மட்டும்தானா? 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி குழந்தைகளை, "தெருவுல அம்மான்னு கத்திக் கூப்பிடாதீங்கடா" என்று வாயைப் பொத்தி வைத்திருந்தாள். கன்னடத்திலும் அம்மாவுக்கு அம்மாதான் என்பதுகூட அந்தப் பயத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. எதிர்வீட்டுக் கன்னட அம்மாள் பின்வாசல் வழியாகப் பாலும் தக்காளியும் கொண்டுவந்து கொடுத்து, "பயப்படபேடி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று எங்கள் பேச்சு யாருக்கோ பேய் பேசுகிற பேச்சாகக் கேட்டிருக்கும். ஆனால் தினமும் எங்களோடு பேசிப் பழகிய அந்த அம்மாளுக்கு அப்படிக் கேட்கவில்லை.

ஆகவே மலையாளப் பேய் தமிழ் பேசுகிறதே என்று நாம் கோபப்பட வேண்டியதில்லை. நாமும்தான் தெலுங்குக்காரியைப் பேயாக்கிப் பல நூறு நாள் கைதட்டினோம்.

கங்கா எந்த ஊர்ப் பெண்?

மூலப்படத்தில் என்னை உலுக்கிய இடம் நாட்டியம் அல்ல. டாக்டர் சன்னி, கங்காவின் சொந்த ஊருக்குப் போய் விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்து சொல்லும் இடம். கங்காவின் அப்பா அம்மா பிழைப்புக்காகக் கல்கத்தாவில் இருந்தார்கள். குழந்தையைக் கிராமத்தில் பாட்டியிடம் விட்டிருந்தார்கள். பாட்டியும் பழங்கதைகளும்தான் அவள் உலகம். பின்னர் ஒருநாள் பெற்றோர் வந்து அவளைக் கல்கத்தாவுக்கு அழைத்துப்போக முற்பட்டபோது அந்தப் பிஞ்சு மனம் உடைந்தது. நாகவல்லி அவள் உள்ளே வருவதற்கான கதவு அன்றே திறந்துவிட்டது.

அன்பர்களே, இது யாருடைய கதை? நம்முடைய கதை அல்லவா? நானே என் மூத்த மகனை நான்கு வயசு வரை ஊரில் அம்மாவிடம் விட்டிருந்தேன். ஒற்றை அறை வாடகை வீடு, காலை ஆறு மணிக்குக் கடை. வேறு வழி தெரியவில்லை. அழைத்து வந்த அன்று வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் அவன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. "அழுது ஓயட்டும், பழகிடும்" என்றுதான் நானும் சொன்னேன். என்ன நினைத்து அழுகிறாய் என்று கேட்கவில்லை.

நாகவல்லியும் தன் ஊரைவிட்டு, தன் காதலனைவிட்டுப் பிரித்துக் கொண்டுவரப்பட்டவள்தான். ஊர் பிரிந்த ஒரு பெண்ணின் துயரத்தை, ஊர் பிரிந்த இன்னொரு பெண் எடுத்துப் பேசுகிறாள். அதனால்தான் அந்தப் படத்தைப் பார்க்கும்போது பயத்தோடு அழுகையும் வருகிறது.

ரீமேக்கில் நடந்தது என்ன? மூலத்தில் மோகன்லால் வரும்போது படம் வெகுதூரம் போய்விட்டிருக்கும். அதுவரை வீடும் கங்காவும்தான். சந்திரமுகியில் ரஜினி வந்து சண்டை போட்டு, பாட்டுப் பாடிய பிறகுதான் கதையே நகர்கிறது. வடிவேலுவின் நகைச்சுவைக்கு நானும் வயிறு வலிக்கச் சிரித்தவன், குறை சொல்லவில்லை. ஆனால் இன்று யாரைக் கேட்டாலும் வேட்டையனை நினைவிருக்கிறது. பாட்டியை விட்டுப் பிரிந்த குழந்தையை யாருக்கும் நினைவில்லை.

ஆப்தமித்ரா பற்றி ஒரு வார்த்தை. கர்நாடகத்தில் பிறந்து தெலுங்குத் திரையில் புகழ்பெற்றவர் சௌந்தர்யா. கன்னடப் பெண் தெலுங்குக்காரியாக மாறும் அந்த வேஷம் அவருக்குச் சொந்த வாழ்க்கைபோலப் பொருந்தியது. 2004 ஏப்ரல் 17ந் தேதி நம் ஜக்கூர் விமானத் தளத்திலிருந்து கிளம்பிய சிறு விமானம் விழுந்து அவர் இறந்தார். நாலு மாதம் கழித்துப் படம் வந்தபோது, இறந்த பெண்ணைப் பற்றிய கதையில் இறந்துபோன பெண்ணையே பார்த்தோம். தியேட்டரில் விசில் அடிக்க வந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

மாற்றாமல் எடுத்தால் நல்லதா?

அப்படியானால் மூலத்தை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதையும் அமெரிக்காவில் செய்து பார்த்துவிட்டார்கள். ஹிட்ச்காக் 1960ல் கறுப்பு வெள்ளையில் எடுத்த 'சைக்கோ'வை, 1998ல் கஸ் வான் சாண்ட் என்பவர் ஏறக்குறைய காட்சிக்குக் காட்சி அப்படியே வண்ணத்தில் எடுத்தார். எடுபடவில்லை. விதைநெல்லைப் படம் எடுத்து மாட்டினால் முளைக்குமா? அந்தந்த மண்ணில் விதைக்கத்தான் வேண்டும். பேயின் மொழியை மாற்றிய நம்மவர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள்.

கெட்டது இரண்டாம் பாகங்களில்தான். 2022ன் 'பூல் புலையா 2', 2023ன் 'சந்திரமுகி 2' இரண்டிலும் பேய் நிஜப் பேயாகிவிட்டது. நிஜப் பேய் என்று முடிவுகட்டிவிட்டால், ஏன் அழுகிறாய் என்று கேட்கத் தேவையில்லை. விரட்டினால் போதும்.

பழையனூர் நீலி

விரட்டாமல் பேயை வென்ற கதை நம்மிடமே உண்டு. திருவாலங்காட்டுக்கு அருகில் உள்ள பழையனூர் நீலியை எல்லோரும் அறிவோம். கணவனால் கொல்லப்பட்டுப் பேயாகி, வழக்காடிப் பழிதீர்த்தவள். அவளுக்காக எழுபது வேளாளர் தீப்பாய்ந்தார்கள் என்பது வழக்கு. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியின் நாயகியும் இந்தப் பழையனூர் நீலிதான். எழுதியவர் பெயர் தெரியாத அச்சமண நூலை, சமய திவாகர வாமன முனிவர் உரையுடன் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936ல் பதிப்பித்தார்.

பாஞ்சால நாட்டுச் சுடுகாட்டில் தவம் செய்த முனிச்சந்திரர், காளிக்கு ஆடு வெட்டுவதைத் தடுக்கிறார். அவரை விரட்ட முடியாத அந்த ஊர்க் காளி, தெற்கிலிருந்து நீலியை வரவழைக்கிறாள். நீலி பயங்கர உருவங்கள் காட்டுகிறாள். பிறகு அழகியாக வந்து மயக்கப் பார்க்கிறாள். முனிவர் ஓடவும் இல்லை, அடிக்கவும் இல்லை. வந்தவள் யார் என்று அறிந்து, அவளிடம் பேசுகிறார். பேய் மாணவியாகிறது, பின்னர் நாடெங்கும் போய்ப் பல சமயத்தாரோடு வாதம் செய்யும் அறிவாளியாகிறது. என்னைக் கேட்டால் தமிழின் மிகப் பழைய பேய் ரீமேக் இதுதான்.

மணிச்சித்ரத்தாழின் சன்னியும் இதையே வேறு வழியில் செய்கிறார். திலகன் நடித்த மந்திரவாதி நம்பூதிரியையும் பகைக்காமல் துணைக்கு வைத்துக்கொண்டு, நாகவல்லியிடம் அவள் மொழியிலேயே பேசி, அவள் கேட்ட பழியை ஒரு பொம்மையின்மேல் தீர்த்துக்கொள்ள விட்டு, கங்காவை மீட்கிறார்.

முடிவாக

எல்லாம் சொல்லி முடித்ததும் பேத்தி கேட்டாள், "அப்போ தமிழ் பேசினா மத்தவங்களுக்குப் பயமா தாத்தா? அதனாலதான் நான் ஸ்கூல் வேன்ல தமிழ் பேசமாட்டேன்." எனக்கு அது புதுச் செய்தி. நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருந்தும், என் வீட்டுக் குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு பள்ளிக்குப் போவது தெரியாமல் இருந்திருக்கிறேன். அன்று என் மனைவி பொத்தியதை இன்று அவளே பொத்திக்கொள்கிறாள்.

"வேன்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா கண்ணு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். அதை இங்கே எழுதுவதாக இல்லை. ஆனால் முழுவதும் கேட்டேன். இந்த முறை, பழகிடும் என்று சொல்லவில்லை.

வாய்ப்புள்ளவர்கள் விடுமுறையில் மூலத்தை முதலில், ஆப்தமித்ராவை அடுத்து, சந்திரமுகியைப் பிறகு என்று வரிசையாகப் பிள்ளைகளோடு பாருங்கள். பேய் பேசுகிற இடத்தில் நிறுத்தி, அவள் எந்த ஊர்ப் பெண், யாரைப் பிரிந்து வந்தாள் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஆப்தமித்ராவை அவர்கள் நமக்குச் சொல்வார்கள்; நாகவல்லியின் தமிழை நாம் அவர்களுக்குச் சொல்லலாம்.